யுத்தச் செய்தி கேட்டுக் கலங்கும் மோல்மேன் தம்பிக்கு

பர்மாவின் மோல்மேன் ஊரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

“அண்ணே, 2021 பிப்ரவரியில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நம் நாட்டில் சண்டை ஓயவில்லை. 2025 மார்ச்சில் மண்டலேயில் பூமி அதிர்ந்தது. அந்தப் பக்கம் இஸ்ரேல், காசா, ஈரான். போனைத் திறந்தால் ஊழியக்காரர்கள், இந்த வருஷம் தாண்டாது, வருகை வாசலில் நிற்கிறது என்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கூரைத் தகரம் போடாமல் பாதியில் நிற்கிறது. ஆண்டவர் வரப்போகிறார், அதை எதற்கு முடிக்க வேண்டும் என்கிறாள் என் மனைவி. மகனுக்கு 19 வயது, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். கிறிஸ்தவன் ஆயுதம் எடுக்கலாமா? நடப்பதெல்லாம் நிஜமாகவே கடைசிகால யுத்தமா? கரேன் மலைப் பக்கமிருந்து ஓடிவந்த ஒரு தாயும் கைக்குழந்தையும் எங்கள் சபை வராந்தாவில் படுத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கிறது.”

தம்பி, நான் போதகர் இல்லை. ரங்கூனில் எங்கள் தமிழ்ச் சபையில் இருபது வருஷத்துக்கு மேல் வேதபாட வகுப்பு எடுக்கிறவன், அவ்வளவுதான். கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து எழுதுவதால் மூன்று நாள் ஆகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் எடுத்துப் பேசும் மத்தேயு 24ஆம் அதிகாரத்திலிருந்தே தொடங்குவோம். “யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள்” என்பதைச் சின்னப் பிள்ளைகூட மனப்பாடமாகச் சொல்லும். ஆனால் அந்த வசனம் அங்கே முடியவில்லை. “கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள், இவைகளெல்லாம் சம்பவிக்கவேண்டியதே, ஆனாலும், முடிவு உடனே வராது” என்று போகிறது. முடிவு உடனே வராது என்று ஆண்டவர் சொன்ன வசனத்தை வைத்துக்கொண்டு, முடிவு உடனே வருகிறது என்று மேடையில் சத்தம் போடுகிறார்கள். பாதி வசனத்தில் நிறுத்திக்கொண்டு பிரசங்கம் செய்வது பெரிய தப்பு. ஏனென்றால் அடுத்த பாதியில்தான் நமக்கான கட்டளை இருக்கிறது: கலங்காதே.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீஷர்கள் கேட்டது, எப்போது, அடையாளம் என்ன என்று. அவர் வாயிலிருந்து வந்த முதல் பதிலோ, “ஒருவனும் உங்களை வஞ்சியாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள்” என்பது. யுத்தம், பஞ்சம், கொள்ளைநோய் எல்லாம் அதற்குப் பிறகு வருகின்றன. யுத்தகாலத்தில் குண்டுக்கு முன்னால் வந்து நிற்பது வஞ்சகம் என்று அவருக்குத் தெரியும். பயந்துபோன ஜனம் யார் எதைச் சொன்னாலும் நம்பும்.

“இவைகளெல்லாம் வேதனைகளுக்கு ஆரம்பம்” என்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் பிரசவ வேதனையைக் குறிப்பது. பிரசவ வார்டுக்கு வெளியே இரவெல்லாம் நின்ற எந்தத் தகப்பனுக்கும் இது புரியும். வலி வந்துவிட்டது, குழந்தை வரப்போவது நிச்சயம். எந்த நேரத்தில் என்று கேட்டால் நர்ஸம்மாவுக்கும் தெரியாது.

அந்தப் பேச்சின் ஒரு பெரிய பகுதி எருசலேமைப் பற்றியது. தேவாலயத்தின் கற்களைக் காட்டி சீஷர்கள் வியந்தபோது தொடங்கிய பேச்சு அது. கி.பி. 70இல் ரோமச் சேனை வந்து அந்த ஆலயத்தை இடித்துப்போட்டது. அந்தத் தலைமுறையிலேயே அது நடந்தது. ஆகவே அந்த அதிகாரத்தில் நடந்து முடிந்ததும் இருக்கிறது, இனி நடக்க வேண்டியதும் இருக்கிறது. இரண்டையும் எங்கே பிரிப்பது என்பதில் நல்ல பக்தியுள்ள அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. ஒரு யூடியூப் ஊழியக்காரர் பதினைந்து நிமிஷத்தில் பிரித்துக் கொடுத்துவிடுகிறார் என்றால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

இப்போது ஒரு பைபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பத்தாவுடையது. கறுப்பு அட்டை, முதுகு கிழிந்து துணி ஒட்டியது. இப்போது என்னிடம் இருக்கிறது.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. மறுபடியும் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அன்றைக்கே. தாத்தா துறைமுகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அப்பத்தா கையில் ஏழு மாதப் பெண்குழந்தை. பிப்ரவரி வரை தாங்கிப் பார்த்துவிட்டு, பிரோம் வரை ரயிலில் போய், ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலை வழியாகத் தவுங்கப்புக்கு நடந்தார்கள். நூறு மைலுக்கு மேல். தண்ணீர் கிடையாது, வழியெல்லாம் காலரா. அந்த வருஷம் பர்மாவை விட்டு ஏறக்குறைய 5 லட்சம் இந்தியர்கள் இப்படிக் கிளம்பினார்கள், அதில் பல ஆயிரம் பேர் ஊர் போய்ச் சேரவில்லை. பலரும் நம் தமிழ் ஜனம். அப்பத்தாவுக்குப் பால் வற்றிப்போனது. குழந்தை மலையிறக்கத்தில் இறந்தது. தாத்தா தகரக் குவளையால் மண்ணைத் தோண்டிப் புதைத்தார்.

அதே பாதையில் ஒரு தங்கல் இடத்தில், கிழக்கிலிருந்து வரும் ராஜாக்கள் ஜப்பான்காரன்தான், வெளிப்படுத்தின விசேஷம் நிறைவேறுகிறது, மகிழுங்கள் என்று ஒருவர் பிரசங்கம் செய்தாராம். தாத்தா எழுந்து நகர்ந்துவிட்டார். இதை அவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

யுத்தம் முடிந்து அவர்கள் ரங்கூனுக்குத் திரும்பி வந்தார்கள். அந்த பைபிளில் மத்தேயு 24ஐத் திறந்தால், யுத்தச் செய்தி வசனத்தில் கோடு இல்லை. கள்ளக்கிறிஸ்து, அடையாளம், எக்காளம், எதிலும் இல்லை. 19ஆம் வசனத்தில் மட்டும் பென்சில் கோடு: “அந்நாட்களில் கர்ப்பவதிகளுக்கும் பால்கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ.” எவ்வளவு அழுத்திப் போட்டிருக்கிறாள் என்றால், தாளைத் திருப்பினால் மறுபக்கத்திலும் அந்தக் கோடு மேடாகக் கைக்குத் தட்டுப்படும். குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரம் வந்தால், “மெதுவா வாசிடா” என்பாள். வேறொன்றும் சொல்லமாட்டாள்.

எனக்கு அந்த அதிகாரத்தைக் கற்றுக்கொடுத்தது அந்தக் கோடுதான். உலகமே அதிரும் காரியங்களைச் சொல்லிக்கொண்டு வருகிற ஆண்டவர், நடுவிலே நின்று, வயிற்றுப்பிள்ளைக்காரியையும் கைப்பிள்ளைக்காரியையும் பார்க்கிறார். அடுத்த வசனத்தில் மழையை நினைக்கிறார்: நீங்கள் ஓடிப்போவது மாரிகாலத்தில் சம்பவியாதபடிக்கு வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். 1942இல் பிந்திக் கிளம்பி, வடக்கே தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தவர்கள் மே மாத மழையில் மாட்டிக்கொண்டு சேற்றிலேயே விழுந்தார்கள். இன்றைக்கும் தார்ப்பாய்க்கு அடியில் மழைக்காலத்தைத் தள்ளுகிற ஜனம் நம் நாட்டில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். யுத்தத்தைப் பற்றிக் கிறிஸ்தவன் எப்படிப் பேச வேண்டும் என்று கேட்டால் இதுதான் என் பதில். ஆண்டவருடைய கண் எங்கே போகிறதோ, அங்கே நம் கண்ணும் போக வேண்டும்.

அதோடு இன்னொரு காரியம். ஓடுவதை அவர் அவிசுவாசம் என்று சொல்லவில்லை. “யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைகளுக்கு ஓடிப்போகக்கடவர்கள்” என்று அவரே கட்டளை கொடுக்கிறார். எருசலேம் சபையார் யுத்தத்துக்கு முன்னால் யோர்தானுக்கு அப்பால் பெல்லா என்ற ஊருக்குப் போய்விட்டார்கள் என்று பழைய சபை வரலாற்றாசிரியர் யுசேபியு எழுதி வைத்திருக்கிறார். ஊரை விட்டு வந்தவர்களைப் பார்த்து, விசுவாசம் இருந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பீர்கள் என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்த வாயை அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். கடைசிகாலக் கணக்கு எனக்குப் புதிது இல்லை. 1988இல் எனக்குப் பதினாறு வயது. இஸ்ரேல் தேசம் பிறந்தது 1948, மத்தேயு 24இல் துளிர்க்கும் அத்திமரம் அதுதான், அதைப் பார்க்கிற சந்ததி என்றால் 40 வருஷம், ஆகவே 1988 என்று ஒரு கணக்கு அப்போது உலகம் முழுக்கச் சுற்றியது. அமெரிக்காவில் ஒருவர் 88 காரணங்கள் காட்டி, செப்டம்பரில் வருகை என்று எழுதினார். எங்கள் ஜெபக்குழுவுக்கும் அந்த 40 வருஷக் கணக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆகஸ்ட் 8ஆம் தேதி ரங்கூன் தெருக்களில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்சியை எதிர்த்து ஜனம் லட்சமாய் இறங்கியது, துப்பாக்கி பேசியது. செப்டம்பர் 18இல் பட்டாளம் ஆட்சியைக் கையில் எடுத்தது. கணக்குப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி என்ன வேண்டும்? என் சித்தப்பா தையல்காரர். இனி எதற்கு என்று தன் தையல் மெஷினைப் பக்கத்துத் தெருக்காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் அதே மெஷினில் கூலிக்குத் தைக்கப் போனார். கணக்குச் சொன்னவர் வேறொரு கணக்கோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். என் சித்தி மட்டும் ஒரு வருஷம் சபைக்கு வரவில்லை.

வஞ்சிக்கப்படாதிருங்கள் என்று அவர் முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான். தேதி தவறினால் போதகருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏதோ ஒரு வீட்டில் ஒரு தையல் மெஷின் போகிறது, ஒரு பெண்ணின் விசுவாசம் போகிறது. 1844 அக்டோபர் 22 என்று வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் அமெரிக்காவில் காத்திருந்ததும், 2011 மே 21 என்று ஹெரால்ட் கேம்பிங் சொன்னதும் இதே ரகம். “அந்த நாளையும் அந்த நாழிகையையும்” பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று எழுதியிருக்கும்போது, அறிந்தேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

தேசங்களின் பெயரை வைத்துச் சொல்லும் விளக்கங்களும் அப்படியே. எசேக்கியேல் 38இல் இஸ்ரேல்மேல் படையெடுத்து வரும் கோகு யார்? 4ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் அம்புரோஸ், கோத்தியர் என்ற ஜெர்மானிய ஜனம் என்றார். லூத்தர் துருக்கியர் என்றார். பிறகு ரஷ்யா என்றார்கள், அங்கே ஒரு எபிரெயச் சொல் ‘ரோஷ்’ என்று வருகிறதாம். அந்தச் சொல்லுக்குத் தலை என்றுதான் பொருள். நம் தமிழ் பைபிளில் மேசேக், தூபால் ஜாதிகளின் அதிபதி என்று வாசிக்கிறோம். மேசேக்கும் தூபாலும் இன்றைய துருக்கி இருக்கும் நிலப்பகுதியில் வாழ்ந்த பழைய ஜனங்கள். கிழக்கின் ராஜாக்கள் தாத்தா காலத்தில் ஜப்பான், இப்போது சீனா. ஒவ்வொரு தலைமுறையும் தன் விரோதியின் பெயரை அங்கே எழுதிக்கொள்கிறது. வசனத்தைக் கொண்டு செய்தித்தாளை வாசிப்பது ஒரு விதம். செய்தித்தாளைக் கொண்டு வசனத்தை வாசித்தால் இப்படித்தான் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றி எழுத வேண்டி வரும்.

வெளிப்படுத்தல் 13இல் மிருகத்தின் எண்ணாக வரும் 666 பற்றியும் நீங்கள் கேட்டிருந்தீர்கள், போனில் பணம் கட்டுவதும் ஸ்மார்ட் கார்டும் மிருகத்தின் முத்திரையா என்று. எபிரெய எழுத்துக்களுக்கு எண் மதிப்பு உண்டு. ரோமப் பேரரசன் நீரோ இராயன் பெயரை அந்த எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்று இருக்கிறது, லத்தீன் உச்சரிப்பில் எழுதினால் அதுவும் நீரோவுக்கே பொருந்தும். முதலில் வாசித்த சபைக்குத் தங்களைக் கொன்ற இராயன் யார் என்று தெரிந்திருந்தது. ஆகவே அந்த அதிகாரம் பேசுவது, தன்னைக் கும்பிடாதவன் வாங்கவும் விற்கவும் கூடாது என்று சொல்கிற எந்த ராஜ்யத்தையும் பற்றி. பர்மாவில் இருக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 1964இல் 50, 100 சாட் நோட்டுகளும், 1987இல் 25, 35, 75 நோட்டுகளும் ஒரே அறிவிப்பில் வெறும் காகிதமானதை நம் குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. மிருகத்தின் குணம் தெரிய சிப் தேவையில்லை.

ஆண்டவருடைய வருகை ஆயிர வருட அரசாட்சிக்கு முன்னா பின்னா, சபை உபத்திரவத்துக்கு முன் எடுக்கப்படுமா என்பதில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. சபை அப்படி முன்னதாக எடுக்கப்படும் என்கிற, இரகசிய வருகை என்று நாம் சொல்கிற போதனை இன்றைய வடிவத்தில் 1830களில் ஜான் டார்பி என்பவரால் பரவியது. 1909இல் வந்த ஸ்கோபீல்டு விளக்க பைபிள் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. பழைய சபைப் பிதா அகஸ்டினும், லூத்தரும், வெஸ்லியும் அப்படிப் போதிக்கவில்லை. எங்கள் சபையிலேயே பாதிப் பேர் அதை நம்புகிறார்கள், அவர்கள் என் உடன்பிறப்புகள்தான். ஆனால் ஒரு காரியம் என்னை உறுத்துகிறது. நாங்கள் எடுக்கப்பட்டுவிடுவோம், மிச்சமுள்ளவர்கள் படட்டும் என்கிற தொனி. பவுல் அந்த வருகையைப் பற்றித் தெசலோனிக்கேயருக்கு எழுதியது, செத்தவர்களை நினைத்து அழுதுகொண்டிருந்தவர்களைத் தேற்ற. “இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்” என்று முடிக்கிறார். பயமுறுத்துங்கள் என்று முடிக்கவில்லை.

மண்டலே நிலநடுக்கத்தைப் பற்றி. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மத்தியானம், 7.7 அளவு. 3,700 பேருக்கு மேல் இறந்தார்கள். ரம்ஜான் மாதத்து வெள்ளித் தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் மேல் பள்ளிவாசல்கள் இடிந்தன. தேர்வு எழுதிக்கொண்டிருந்த பிக்குகள் மேல் மடத்துக் கட்டடம் விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, விக்கிரகாராதனைக்காரர்கள் மேல் விழுந்த நியாயத்தீர்ப்பு என்று ஒரு பேச்சு என் போனுக்கு வந்தது. நான் அன்று மிகவும் கோபப்பட்டேன். லூக்கா 13ஐ எடுத்துப் பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தார்கள், எருசலேமில் குடியிருக்கிற மனுஷர் எல்லாரிலும் அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்கிறார். அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். கட்டடம் விழுந்து செத்தவர்களைப் பற்றி அவ்வளவு நேரடியாக ஆண்டவர் பேசியிருக்க, அதற்கு மேல் விளக்கம் சொல்ல நமக்கு என்ன துணிச்சல்?

பூமியதிர்ச்சி கூடிவிட்டது என்பதும் சரியில்லை. 7க்கு மேல் அளவுள்ளவை உலகத்தில் சராசரியாக வருஷத்துக்குப் பதினைந்து, பதினாறு வருகின்றன. நூறு வருஷப் பதிவிலும் அந்த அளவுதான், சில வருஷம் கூடும், சில வருஷம் குறையும். நம் நாட்டுக்குள் சகாயிங் பிளவு என்ற பூமிப் பிளவு வடக்கு தெற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. 1930இல் பெகு நகரத்தை அழித்ததும் அதே பிளவுதான். பூமிக்கு அடியில் அது நகர்ந்துகொண்டே இருக்கும். என் பக்கத்து வீட்டு பர்மியப் பெரியவர், புத்த சாசனம் 5000 வருஷம் நிற்கும், இப்போதுதான் பாதியைத் தாண்டியிருக்கிறோம் என்பார். அதிர்ச்சி வந்த அன்று மாலை அவரும் நானும் சேர்ந்துதான் மண்டலேயில் இருக்கும் அவர் தங்கைக்கு போன் போட்டுப் போட்டுப் பார்த்தோம். அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேர் கணக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை.

இனி ஆயுதம். இதுதான் கஷ்டமான கேள்வி.

ரங்கூனுக்கு வடக்கே பிரோம் ரோட்டில் தவுக்யான் யுத்தக் கல்லறை இருக்கிறது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகள். நடுவில் நிற்கும் தூண்களில், உடல் கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. அதில் பெரும்பாலும் இந்தியப் பெயர்கள், நம் தமிழ்ப் பெயர்களும் உண்டு, பெயரிலேயே கிறிஸ்தவன் என்று தெரிகிறவர்களும் உண்டு. அதே யுத்தத்தில் நேதாஜியின் படையில் பர்மாவிலும் மலாயாவிலும் சேர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். 1944இல் அந்தப் படையின் தலைமையிடமே ரங்கூன்தான். 1945இல் ஐராவதிக் கரையில் ஆங்கிலேயரின் இந்திய ராணுவமும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் எதிரெதிரே நின்றன. இரண்டு பக்கமும் நம் பாஷை பேசினவன் இருந்தான். இரண்டு பக்கமும் ஜெபம் ஏறியிருக்கும். எந்தப் பக்கம் தேவனுடைய யுத்தம்? அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று பார்த்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போகும்.

திருச்சபையில் இதைப் பற்றி இரண்டு பெரிய வழிகள் உண்டு. முதல் மூன்று நூற்றாண்டுகளின் பெரிய போதகர்கள் பலர், கிறிஸ்தவன் இரத்தம் சிந்தலாகாது என்றார்கள். பேதுருவின் பட்டயத்தை உறையில் போடச் சொன்னபோதே ஆண்டவர் எல்லாப் போர்வீரனின் ஆயுதத்தையும் கழற்றிவிட்டார் என்றார் தெர்த்துல்லியன். 295இல் வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியன் என்ற இளைஞன், நான் கிறிஸ்தவன், பட்டாளத்தில் சேர முடியாது என்று சொல்லித் தலையைக் கொடுத்தான். அவனுக்கு வயது 21. பிறகு அகஸ்டினும் தாமஸ் அக்வினாவும் வேறு வழி காட்டினார்கள். அதிகாரமுள்ளவர் அறிவித்ததாக, நியாயமான காரணத்துக்காக, நல்ல நோக்கத்தோடு நடந்தால் யுத்தத்தை ஒரு துக்கமான கடமையாக ஏற்கலாம் என்றார்கள். குற்றமற்றவர்களைத் தொடக்கூடாது, வேறு வழியெல்லாம் அடைபட்டிருக்க வேண்டும் என்பவை பின்னால் வந்தவர்கள் விரித்துச் சேர்த்தவை. கவனியுங்கள், அகஸ்டினும்கூட யுத்தத்தைப் புகழவில்லை. அதை நினைத்து அழாதவன் மனுஷத்தன்மையை இழந்தவன் என்கிற அளவுக்குப் பேசினார்.

என் மனசு முதல் வழியில்தான் நிற்கிறது. ஆனால் கிராமமும் ஆலயமும் எரிந்துபோன ஒரு சின் இனத்துப் பையனிடமோ கரேன் பையனிடமோ ரங்கூனில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அதைப் போதிக்க எனக்கு நாக்கு வராது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுவேன். இது கடைசிகால யுத்தம், இதில் கொல்வது தேவனுக்குச் செய்யும் ஊழியம் என்று எந்தப் பக்கத்திலிருந்து யார் சொன்னாலும் அது பொய். அர்மகெதோன் என்ற பெயர் வேதத்தில் ஒரே ஒரு இடத்தில், வெளிப்படுத்தல் 16:16இல் வருகிறது. அங்கே ராஜாக்கள் கூட்டிச் சேர்க்கப்படுகிறார்கள். விசுவாசிகளைத் துப்பாக்கி எடுக்கச் சொல்லும் வசனம் அந்தப் புஸ்தகம் முழுவதிலும் கிடையாது. அங்கே ஜெயிக்கிறவர் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி.

2021 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வடக்கே மிச்சினா நகரத்தில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி சகோதரி ஆன் ரோஸ் நு தவுங் ஆயுதம் தாங்கிய போலீசுக்கு முன்னால் நடுத்தெருவில் முழங்காலில் நின்று, பிள்ளைகளைச் சுடாதீர்கள், என்னைச் சுடுங்கள் என்று கெஞ்சியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன், 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மா ராஜாவுக்கும் யுத்தம் வந்தபோது, அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனை வேவுகாரன் என்று ஆவா சிறையில் விலங்கு மாட்டிப் போட்டார்கள். அவர் மனைவி ஆன், பர்மிய மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியை ஒரு கரடுமுரடான தலையணைக்குள் தைத்து உள்ளே அனுப்பினார். அது ஒரு கட்டத்தில் வெளியே வீசப்பட்டு, மவுங் இங் என்ற விசுவாசி கண்டெடுத்துக் காப்பாற்றினார். ஜட்சனுக்கும் அது உலகத்தின் முடிவு போலத்தான் இருந்திருக்கும். வெளியே வந்த பிறகு மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். இருந்தும் உட்கார்ந்து 1834இல் முழு வேதத்தையும் முடித்தார். இன்றைக்கும் பர்மியச் சபை அதைத்தான் வாசிக்கிறது.

உங்கள் மகனைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். 2024 பிப்ரவரியில் கட்டாயச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகு எதை எங்கே எழுதலாம் என்று நமக்குத் தெரியும். நேரில் வாருங்கள், அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பயப்படுகிறான் என்று அவனை யாரும் வெட்கப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கெத்செமனேயில் ஆண்டவரும் வியாகுலப்பட்டார்.

கடைசியாக அந்த அறை. உங்கள் மனைவி கேட்டது சின்னக் கேள்வி இல்லை. எரேமியா 29இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு ஒரு கடிதம் வருகிறது. சீக்கிரம் எல்லாம் முடிந்துவிடும் என்று கள்ளத் தீர்க்கதரிசிகள் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. கர்த்தர் சொன்னதோ, வீடுகளைக் கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும் என்று. மூன்று தலைமுறையாக நம்முடையதா இல்லையா என்று தெரியாமலே இந்த மண்ணில் வாழ்கிற பர்மாத் தமிழனுக்கு என்றே எழுதின கடிதம் போல இருக்கும். லூக்கா 19இல் வரும் உவமையில், மினா என்ற பணத்தை வாங்கின ஊழியக்காரரிடம், “நான் திரும்பிவருமளவும்” வியாபாரம் பண்ணுங்கள் என்றுதான் எஜமான் சொல்லிவிட்டுப் போகிறான். கடையைச் சாத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லவில்லை. இதை உங்கள் மனைவிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருடைய பயத்தைக் குறை சொல்லாமல் காட்டுங்கள்.

கடிதத்தில் அந்தக் கரேன் தாயைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். மோல்மேனில் மே மாதம் பாதிக்குள் மழை பிடித்துவிடும், பிடித்தால் விடாது. வராந்தாவில் சாரல் அடிக்கும். அறைக்கு இன்னும் தகரம் மட்டும்தான் பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை தகடு வேண்டும், அங்கே என்ன விலை என்று உடனே தெரிவியுங்கள், எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்க்கிறேன். அந்தக் குழந்தைக்கு எத்தனை மாதம்?